இஞ்சி பீர்ல நுரை அடங்கிப் புளிச்ச வாசம் வருதுங்க, வெச்சுக்கலாமா கொட்டிரலாமா?

கோபி வாய்க்காமேடு:
வணக்கமுங்க. ஜெர்மனியில இருக்கிற எங்க மாமா பையன் வீட்லயே பீர் போடுவான். போன்ல அந்த நுரையைக் காட்டக் காட்ட எனக்கும் ஆசை வந்துருச்சு. நம்மூர்ல வீட்ல பீர் போடக் கூடாதுன்னு தெரியும், அதனால இஞ்சி பீர் ஆரம்பிச்சேன்.

தோலோட நசுக்குன இஞ்சியையும் நாட்டுச் சர்க்கரையையும் தண்ணியில போட்டு, தினமும் ரெண்டுலயும் ஒவ்வொரு கரண்டி சேத்துட்டு வந்தேன். நல்லா நுரை கட்டுச்சு. அப்புறம் 5 லிட்டர் இஞ்சித் தண்ணி காய்ச்சி, அரைக்கிலோ சர்க்கரை கரைச்சு, ஆறுன பொறவு எலுமிச்சைச் சாறு புழிஞ்சு, நுரை கட்டுனதை வடிச்சு அதுல ஊத்தி, ஜாடி வாயைத் துணியால கட்டிட்டேன். மொதல்ல சோன்னு சத்தத்தோட பொங்குச்சு. இப்ப மேல ஒண்ணுமே இல்லீங்க. அடியில வண்டல். மோந்து பாத்தா புளிச்ச வாசம். நேத்து சித்த நேரம் அழுகின முட்டை வாசங்கூட அடிச்சுது. ஓரமா வெள்ளையா ஆடை படிஞ்சிருக்குது.

மாமா பையன் ரெண்டு வாரம் விடோணுங்கறான். அம்மா, "விஷச்சாராயம் ஆயிரும், கொட்டு"ங்கறாங்க. நோம்பிக்கு ஒறம்பரை வாறாங்க, அவிங்களுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். அடைக்கறதுக்குப் பழைய கண்ணாடி பாட்டில் கெடக்குது. என்ன பண்றதுங்க?

பல்லடம் தறிக்காரர்:
கொட்டீராதீங்க அம்மிணி. அந்த ஆடையைப் பக்கத்துல பாத்துச் சொல்லுங்க. தட்டையா, சுருக்கம் விழுந்து இருக்குதா, இல்ல மயிர் மொளைச்சுப் பச்சை, கறுப்புன்னு நெறம் தெரியுதா? நெறம் தெரிஞ்சா வழிச்சுப் போட்டுக் குடிக்கற வேலையே வேண்டாம், மொத்தமும் கொட்டிரோணும்.

கோபி வாய்க்காமேடு:
தட்டைதானுங்கண்ணா. வெள்ளை மட்டுந்தான்.

கோவை நுண்ணுயிர்:
அப்ப பயப்பட வேண்டாங்க அக்கா. சர்க்கரையைத் தின்னு நுரை கட்ட வெக்கிற நுண்ணுயிர்தான் ஈஸ்ட். நான் ஆய்வகத்துல அதை வளக்கறவ, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல பீர்ல என்ன நடக்கும்னு சொல்றேன். ஈஸ்ட் போட்டதும் அரை நாளோ ஒரு நாளோ ஒரு அசைவும் தெரியாது. மொதத் தடவை போடறவங்க பலரும் இங்கதான் கலங்கிப் போவாங்க. ஆனா உள்ள ஈஸ்ட் பெருகிட்டுத்தான் இருக்கும். அப்புறம் தடிமனா நுரை ஏறும், ஜாடி ஓரத்துல பழுப்பா அழுக்கு ஒட்டும், சில நாள்ல தானா எறங்கிரும். அதுக்கப்புறமும் வேலை நிக்காது. மொதல்ல உண்டாக்குன வேண்டாத வாசனைகள்ல சிலதை ஈஸ்ட்டே திரும்பத் தின்னு சரி பண்ணும். உங்க மாமா பையன் ரெண்டு வாரம் விடறது அதுக்குத்தான். முடிஞ்சுதான்னு குமிழியை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. பால் சொசைட்டியில லாக்டோமீட்டர் மிதக்க விடறாங்களே, அதே தத்துவத்துல ஹைட்ரோமீட்டர்னு ஒண்ணு இருக்குது. அடுத்தடுத்த நாள் பாத்தும் அளவு மாறலைன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

உங்க ஜாடிக்கு அவரு நாள் கணக்கு ஆகாது. பீர்ல ஏல்னு ஒரு வகை, அதோட ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரைக்கும் தோதான சூடு. சித்திரையில நம்ம வீட்டுக்குள்ளயே 30க்கு மேல போயிருது. அங்க நாலு நாள் நடக்கறது இங்க ஒண்ணரை நாள்ல பொங்கி அடங்கிரும். ஜாடியை அகலமான குண்டால தண்ணி ஊத்தி உள்ள வெச்சு, மேல ஈரத்துணி சுத்துங்க, கொஞ்சம் எறங்கும்.

புளிப்பைப் பத்தி. இங்கிலாந்துல இஞ்சி பீர் போட ஒரு கட்டி வெச்சிருந்தாங்க, இஞ்சி பீர் செடின்னு பேரு. அது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேந்து வாழற கூட்டம்னு ஹாரி மார்ஷல் வார்டு 1892ல எழுதினாரு. உங்களுது இஞ்சித் தோல்ல ஒட்டியிருந்த காட்டு ஈஸ்ட், ஆனா பாக்டீரியா இதுலயும் கூடவே வந்துரும். இளம் புளிப்பு அதோட வேலைதான். மூக்கைச் சுள்ளுன்னு குத்துற காடி வாசம் வந்தா மட்டும் காத்து பட்டு வினிகராகப் போகுதுன்னு வெச்சுக்குங்க. முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்பைடு. ஈஸ்ட் சத்துப் பத்தாமத் திணறுறப்ப விடும், பெரும்பாலும் பறந்துரும். வண்டல் ஈஸ்ட்டும் இஞ்சித் தூளும். ஆடையும் ஒரு வகை ஈஸ்ட்டுதான், கரண்டியில எடுத்துருங்க, விட்டா ருசியைக் கெடுக்கும்.

அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: விஷச்சாராயத்துல கொல்றது மெத்தனால். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அத்தனை பேர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தாலதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னா வர்றது எத்தனால். அதுக்காக அசட்டையா இருக்கக் கூடாதுங்க. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டிருக்கீங்க, மொத்தமும் புளிச்சா 6 சதவீதம் வரைக்கும் ஏறும், சாதா பீரைவிட எச்சு. இனிப்பு நல்லாத் தெரியறப்பவே நிறுத்தி ஃப்ரிட்ஜுக்குக் கொண்டு போயிரோணும். கொழந்தைகளுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் வேண்டாம், அவிங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுருங்க.

சேலம் மாவட்டம்:
சட்டத்தையும் மறந்துராதீங்க. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்க சேலம் ஜில்லாவுலதான். அந்த 1937ஆம் வருசத்துச் சட்டம் இன்னமும் நடப்புல இருக்குது. லைசென்ஸ் இல்லாம மது காய்ச்சறது குத்தம். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி சீக்கிரம் நிறுத்தறதுதான் எல்லா வகையிலயும் நல்லது.

பொள்ளாச்சி தோப்பு:
கண்ணாடி பாட்டிலுக்கு ஏனுங்க பயம்? கோலி சோடா பாட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்குது. இறுக்கி அடைச்சு அலமாரியில வெய்யுங்க.

கோவை நுண்ணுயிர்:
வேண்டாங்க, தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. சோடாவுல மெஷின் ஏத்துன அளவோட அழுத்தம் நின்னுரும். இதுல சர்க்கரை இருக்கற வரைக்கும் ஏறிட்டே போகும். ஒரு லிட்டர்ல 4 கிராம் சர்க்கரை புளிச்சா ஏறக்கொறைய ஒரு லிட்டர் வாயு வரும். பீர்ல இருக்கறது லிட்டருக்கு ரெண்டரை லிட்டர் வாயு, கடையில விக்கற கோலாவுல நாலு லிட்டருக்குள்ள. அக்கா ஜாடியில பாதிச் சர்க்கரை மிச்சம் இருந்தாலே லிட்டருக்கு 12 லிட்டர் வாயு. கண்ணாடி வெடிச்சாக் கண்ணு போயிரும்.

கூல்டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டிலைச் சுத்தமாக் கழுவி, நாலு விரக்கடை காலியா விட்டு ஊத்துங்க. தினமும் காத்தால, பொழுதோட ரெண்டு வேளையும் அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இறுகுனதும் ஃப்ரிட்ஜு. குளிர்ல ஈஸ்ட் மெதுவாகும், முழுசா நிக்காது, அதனால ஒரு வாரத்துல குடிச்சுருங்க.

பொள்ளாச்சி தோப்பு:
இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. சரி, பிளாஸ்டிக்கே போடுங்க அம்மிணி.

கோபி வாய்க்காமேடு:
ஆடையை எடுத்துட்டு ருசி பாத்தேன், இனிப்பு நல்லாவே இருந்துச்சு. பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்திப் பொழுதோட வெச்சேன், காத்தால அமுக்கவே முடியல! ஃப்ரிட்ஜுல வெச்சு மெதுவாத் தொறந்தேன், புஸ்ஸுன்னு நுரை. காரம் தூக்கலா இருக்குது, முட்டை வாசம் துளிகூட இல்லை. அம்மாவே அரை டம்ளர் குடிச்சுட்டு இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொன்னாங்க. மொதல்ல நுரை கட்டுன அந்த இஞ்சிச் சக்கை மிச்சம் இருக்குது, அதை என்ன பண்ணட்டும்?

கோவை நுண்ணுயிர்:
சந்தோசமுங்க அக்கா. சக்கையைக் கொஞ்சம் தண்ணியோட பாட்டில்ல போட்டு, மூடியை லேசா வெச்சு ஃப்ரிட்ஜுல வையுங்க. வாரத்துக்கு ஒருக்கா ஒரு கரண்டி சர்க்கரையும் நசுக்குன இஞ்சியும் குடுத்தாப் போதும். அடுத்த தடவை போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெளிய எடுத்து வெச்சு, நுரை கட்டுன பொறவு ஊத்துங்க. குழாய்த் தண்ணியில குளோரின் வாசம் அடிச்சா அப்படியே ஊத்தாதீங்க, காய்ச்சி ஆறவெச்சு ஊத்துங்க.