சி மொழில லோக்கல் சாக்கெட்: ரெண்டு மெசேஜ் ஒட்டிக்கிட்டு வருது, ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, மூணு நாளா இதுலயே மாட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டு ப்ராசஸ், ஒண்ணு சென்சார் படிக்கும், இன்னொண்ணு அதை வாங்கி எஸ்டி கார்டுல எழுதும், நடுவுல யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் (ஒரே மெஷின்ல ரெண்டு ப்ராசஸ் பேசிக்கிற வழி), டைப் சாக்_ஸ்ட்ரீம் (மெசேஜ் எல்லை இல்லாம பைட்டா வரிசையா போறது). எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன ராஸ்பெர்ரி பை 4-ல (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) ஓடுது. ஒவ்வொரு மெசேஜும் 40-லேர்ந்து 200 பைட், ஒரு ரீட்ல வாங்குற பஃபர் 256 பைட்.

லேப்டாப்ல (உபுண்டு 22.04) ஒரு பிரச்சனையும் இல்ல, பை-ல போட்டா பத்து நிமிஷத்துல ஒரே ரீட்ல ரெண்டு மெசேஜ் ஒட்டிக்கிட்டு வருது, சில நேரம் ரெண்டாவது பாதியில கட் ஆகி மிச்சம் அடுத்த ரீட்ல வருது. எர்ரர் எதுவும் வர்றதில்ல, அதான் கடுப்பு.

ஒவ்வொரு ரைட்டுக்கும் நடுவுல யூஸ்லீப் (சின்ன இடைவெளி) போட்டேன், கொறைஞ்சுது ஆனா போகல. பஃபரை 4096 ஆக்குனேன், இன்னும் அதிகமா ஒட்டுது 😅 சாக்_டிகிராம் (ஒவ்வொரு மெசேஜும் தனி பாக்கெட்டா போற டைப்) போட்டா தனித்தனியா கரெக்டா வருது, ஆனா வாங்குற பக்கம் இருக்குற சர்வர்லேர்ந்து பதில் அனுப்ப முடியல, ரெக்வ்ஃப்ரம்ல (மெசேஜ் வாங்குற ஃபங்ஷன்) அனுப்புனவன் அட்ரஸ் காலியா இருக்கு. சர்வர் பைண்டுக்கு (சாக்கெட்டை ஒரு ஃபைல் பெயர்ல கட்டுறது) முன்னாடி பழைய ஃபைலை அன்லிங்க் பண்ணி அழிக்கிறேன், அந்த ஃபைல் பாதையோட (path) நீளமும் 108 பைட்டுக்குள்ளதான், அதனால அந்தக் காரணங்களை விட்டுடலாம்.

கேள்வி இதான்: ஸ்ட்ரீம்லயே வச்சு ஒவ்வொரு மெசேஜ் முன்னாடியும் அதோட நீளத்தை 4 பைட்ல சேத்து அனுப்புறதா, இல்ல சாக்_சீக்பாக்கெட்டுக்கு (கனெக்‌ஷனும் இருக்கும், மெசேஜ் எல்லையும் காப்பாத்தும்) மாறிடுறதா? ரெண்டு பக்கமும் லினக்ஸ்தான்.