பழைய ஆங்கில நாடகங்களை வாசிக்கும்போது மேடை மனத்தில் எழுவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். நாவல்களைத் தடையின்றி வாசிக்கிற எனக்கு ஆங்கில நாடகங்கள் மட்டும் பிடிகொடுக்க மறுக்கின்றன. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’, ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’, ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ ஆகிய மூன்றையும் அண்மையில் வாசித்து முடித்தேன். கதை விளங்குகிறது, அகராதியின் துணையோடு சொற்களும் பெரும்பாலும் விளங்குகின்றன. ஆனால் இந்த நாடகங்களைக் கொண்டாடுகிறவர்கள் சொல்லும் சிரிப்போ நடுக்கமோ எனக்கு வாய்க்கவில்லை. ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு வசனம், மீண்டும் ஒரு பெயர், மீண்டும் ஒரு வசனம் என்று பக்கங்கள் ஒரே சீராக நகர்ந்துவிடுகின்றன. நாவலாசிரியர் உடன் வந்து சொல்லிக்கொண்டே போகும் முகபாவமும் அறையின் வெளிச்சமும் மனத்தின் ஓட்டமும் இங்கே இல்லாததால், எலும்புக்கூட்டை மட்டும் பார்ப்பதுபோல் இருக்கிறது.

முதலில் வாசித்துவிட்டு நிகழ்ச்சியைப் பார்ப்பது நல்லதா, பார்த்துவிட்டு வாசிப்பது நல்லதா? அடிக்குறிப்புகள் நிறைந்த பதிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நீங்கள் வாசித்த மூன்று நாடகங்களையே எடுத்துக்கொண்டு பேசலாம், ஏனென்றால் உங்கள் சிக்கலுக்கான விடை அவற்றிலேயே இருக்கிறது. நாடகத்தை வாசிக்கிறவர் பேசுகிறவரை மட்டுமே பார்க்கிறார். அரங்கில் அமர்ந்திருப்பவரோ பேசாமல் நிற்பவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டைச் சரிசெய்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு காட்சியிலும் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், வாய் திறக்காமல் யார் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள்.

வைல்டின் நாடகத்தில், இல்லாத ஒரு தம்பியை ஜாக் நெடுநாளாகக் கற்பனையில் வளர்த்துவந்திருக்கிறார். அந்தத் தம்பி பாரிஸில் இறந்துவிட்டான் என்று கதைகட்டிவிடத் தீர்மானித்து, தலை முதல் கால் வரை துக்க உடை அணிந்துகொண்டு தோட்டத்தின் பின்புறமிருந்து மெல்ல நடந்து வருகிறார். அதே தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவருடைய நண்பர் அல்ஜெர்னன் சற்று முன்புதான் வீட்டுக்குள் போயிருக்கிறார் என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும், ஜாக்குக்குத் தெரியாது. கறுப்புக் கையுறையோடு அந்த உருவம் மேடையின் பின்புறத்தில் தெரிந்தவுடனேயே, ஒரு சொல்கூட உதிர்வதற்கு முன், அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். அச்சில் அது மேடைக் குறிப்பாக ஓரிரு வரிகளில் கிடக்கிறது. மேடைக் குறிப்புகளைத் தாண்டிக்கொண்டு வசனத்துக்கு ஓடும் பழக்கமுள்ளவர்கள், 1895ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முறை பார்த்தவர்களுக்குக் கிடைத்த அந்த வேடிக்கையைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

ஷெரிடனின் நாடகத்தில் புகழ்பெற்ற திரைக் காட்சியும் இப்படிப்பட்டதே. லேடி டீசில், ஜோசப் என்ற இளைஞனின் நூலகத்தில் ஒரு மடிப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய வயதான கணவர் சர் பீட்டர் அங்கே வந்து, மனைவிக்குத் தாம் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு எண்ணூறு பவுண்டு கிடைக்கும்படியும் தமக்குப் பின் சொத்தின் பெரும்பகுதி அவளுக்கே சேரும்படியும் பத்திரம் எழுதச் செய்திருப்பதாக ஜோசப்பிடம் சொல்கிறார். வாசிக்கிறவருக்கு இது இரண்டு ஆண்களின் உரையாடல். பார்க்கிறவருக்கோ மூன்றாவதாக ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் திரையை மறக்காமல் வாசித்தால்தான், திரை சரிந்து விழும்போது அவள் ஏன் மழுப்பாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறாள் என்பது விளங்கும். அவளை மாற்றியது கண்டிப்போ அறிவுரையோ அன்று, ஒளிந்திருந்தபடி கேட்ட அந்தச் சில நிமிடங்கள்தான்.

‘மேக்பெத்’ இன்னும் நுட்பமானது. இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், தம் வீட்டில் விருந்தினராகத் தங்கிய மன்னர் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் இறங்கி வருகிறார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது ஒற்றைச் சொற்களில்தான்: எப்போது, இப்போது, இறங்கி வரும்போதா, ஆம். இதைக் கண்ணால் வாசித்தால் இரண்டு நொடி. வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு செவியைத் தீட்டிக்கொண்டு வாசித்தால் அந்த வீட்டின் நிசப்தம் முழுவதும் கேட்கும். அதைவிட முக்கியமானது, மேக்பெத் கொலைக் கத்திகளைக் கையோடு எடுத்துவந்துவிட்டார் என்பது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பான 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோ பதிப்பில் அவர் வருகிறார் என்று மட்டுமே இருக்கும். கத்திகளைப் பற்றி அங்கே குறிப்பில்லை. பல வரிகள் கடந்த பின்பே, இவற்றை ஏன் அங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று லேடி மேக்பெத் கேட்கிறாள். அதுவரை அவள் கவனிக்கவில்லையா? அவர் மறைத்துப் பிடித்திருந்தாரா? இருட்டா? அல்லது பார்த்தும் பேச முடியாமல் நின்றாளா? ஒவ்வொரு நடிகையும் இயக்குநரும் இதற்கு வேறு வேறு விடை தருகிறார்கள். நாவலாசிரியர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நீங்கள் வருந்துகிற இடம் இதுதான். அந்த வேலையை நாடகம் வாசகரிடம் ஒப்படைத்திருக்கிறது.

இருட்டைப் பற்றியும் ஒரு சொல். ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் அரங்கில் நாடகங்கள் பகல் வெளிச்சத்தில், கூரையில்லாத முற்றத்தில் நின்றவர்களுக்கு முன்னால் நடந்தன. ஆகவே நள்ளிரவைப் பாத்திரங்களின் பேச்சே உண்டாக்க வேண்டியிருந்தது. கொலைக்குச் சற்று முன், வானத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள், விளக்குகளெல்லாம் அணைந்துவிட்டன என்று மேக்பெத்தின் சக தளபதி பாங்க்வோ சொல்வது அலங்காரம் மட்டுமன்று. அந்தக் காட்சிக்கு ஒளியமைப்பே அதுதான். அந்தக் காலத்து மருத்துவரும் சோதிடருமான சைமன் ஃபோர்மன் அதே அரங்கில் ‘மேக்பெத்’ பார்த்து எழுதிவைத்த குறிப்பு கிடைத்திருக்கிறது. அதில் வசனத்தின் அழகைப் பற்றி ஒன்றுமில்லை. பாங்க்வோவின் ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், மேக்பெத் திரும்பி உட்காரப் போகும்போது அதைக் கண்டதும் போன்ற நிகழ்ச்சிகள்தான் இருக்கின்றன. பார்வையாளர் வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இத்தகைய அசைவுகளைத்தான்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னது முழுவதும் சரியே என்றாலும், நாடகத்தை வாசிப்பது ஏதோ குறைப்பட்ட பார்வை, அதைப் பென்சில் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்ற தொனியோடு நான் உடன்படவில்லை. வாசகருக்கு மட்டுமே கிடைக்கும் நாடகங்களும் உண்டு.

பெர்னார்ட் ஷாவின் ‘மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்’ 1893இல் எழுதப்பட்டது. அரண்மனை உயர் அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் தணிக்கை அதை மேடைக்கு அனுமதிக்கவில்லை. 1737ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1968 வரை பிரிட்டனில் நாடகங்களைத் தடுக்கும் அதிகாரம் அந்த அலுவலகத்திடம் இருந்தது. அச்சிடப்பட்ட நூலின்மீது அதற்குப் பிடியில்லை. எனவே ஷா 1898இல் தம் நாடகங்களைத் தொகுத்து, நீண்ட முன்னுரைகளோடும் நாவலைப்போல விரியும் மேடைக் குறிப்புகளோடும் புத்தகமாக வெளியிட்டார். லண்டனில் அந்த நாடகம் பொதுமக்களுக்காக மேடையேறியது 1925இல்தான். இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்கு மேலாக, ஓரிரு தனிப்பட்ட நிகழ்ச்சிகளைத் தவிர, அங்கே அந்த நாடகத்தின் வாழ்வு வாசகர்களிடம்தான் இருந்தது. நாவல் வாசிப்பிலிருந்து வருகிற உங்களுக்கு நான் முதலில் ஷாவையே சொல்வேன். அறையில் எந்தப் புத்தகம் கிடக்கிறது, வருகிறவர் எப்படித் தொப்பியைக் கழற்றுகிறார் என்பதுவரை அவர் எழுதிவைத்துவிடுவார். சில இடங்களில் அளவுக்கு மீறியே எழுதியிருக்கிறார், அது வேறு விஷயம்.

மேடை எப்போதும் நூலுக்கு உண்மையாக நடந்துகொண்டதும் இல்லை. ஷாவின் ‘பிக்மேலியன்’ 1914இல் லண்டனில் நடந்தபோது, பேராசிரியர் ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் ட்ரீ, இறுதியில் அவரிடம் பேச்சுப் பயிலும் எலைசாவை நோக்கிப் பூக்களை வீசி அதைக் காதல் கதையாக முடித்துக்கொண்டார். ஷா சினந்து, எலைசா ஹிக்கின்ஸை மணக்கவில்லை என்று விளக்கும் பின்னுரை ஒன்றை 1916ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். ‘கிங் லியர்’ பட்ட பாடு இன்னும் பெரிது. 1681இல் கவிஞர் நேஹம் டேட் அதைத் திருத்தி எழுதி, கோமாளியை நீக்கி, மூல நாடகத்தில் இறந்துவிடும் லியரின் மகள் கார்டீலியாவை உயிரோடு வைத்து எட்கருக்கு மணமுடித்தும் வைத்தார். அந்த வடிவம்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மேடையை ஆண்டது. கோமாளி மீண்டும் மேடைக்கு வந்தது நடிகர் மெக்ரெடி 1838இல் நடித்தபோது. 1811இல் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம், லியரை மேடையில் காண்பது கைத்தடியோடு தள்ளாடும் ஒரு கிழவரைக் காண்பதுதான், வாசிக்கும்போதோ நாமே லியராகிவிடுகிறோம் என்ற கருத்தை எழுதியதற்கு இதுவும் ஒரு பின்னணி. அவர் காலத்துப் பார்வையாளருக்கு ஷேக்ஸ்பியரின் லியர் மேடையில் கிடைக்கவே இல்லை, அச்சில் கிடைத்தார்.

இன்றும் ‘ஹாம்லெட்’ முழுமையாக நடிக்கப்படுவது அரிது. முழுப் பாடத்தையும் எடுத்துக்கொண்ட கென்னத் பிரானாவின் 1996ஆம் ஆண்டுத் திரைப்படம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடுகிறது. பெரும்பாலான தயாரிப்புகள் வெட்டியே நடத்துகின்றன. ஆகவே பார்த்துவிட்டேன் என்று வாசிக்காமல் இருந்துவிட வேண்டாம்.

மறுமொழி 3

அடிக்குறிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு காட்சியைக் குறிப்புகளைத் தொடாமல் ஒரே மூச்சில் வாசித்து முடியுங்கள், பிறகு குறிப்புகளோடு இரண்டாம் முறை வாருங்கள். சொல்லுக்குச் சொல் கீழே இறங்கி ஏறுகிறவர்களுக்கு எந்த நகைச்சுவையும் சிரிப்பை வரவழைக்காது. ஷேக்ஸ்பியரின் கோமாளிகள் பேசும் சிலேடைகளில் சில, விளக்கம் கேட்டும் உயிர்பெறாத அளவுக்குப் பழசாகிவிட்டன. அவற்றை மனவருத்தமில்லாமல் கடந்துபோகலாம். எதிர்ப்பக்கத்தில் இக்கால உரைநடையைத் தரும் பதிப்புகள் கதையை மட்டும் தெரிந்துகொள்ளப் போதும், ஆனால் கண் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும். அங்கப் பிரிவுகளையும் காட்சி நடக்கும் இடங்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பல 1709இல் நிக்கலஸ் ரோ பதிப்பித்தபோதும் அதற்குப் பின்னரும் சேர்க்கப்பட்டவை.

முதலில் பார்ப்பதா என்ற கேள்விக்கு என் விடை: நகைச்சுவை நாடகமானால் முதலில் பாருங்கள், அவல நாடகமானால் முதலில் வாசியுங்கள். நகைச்சுவையின் வேகத்தை நடிகர்கள் கற்றுத்தர வேண்டும். அவல நாடகத்தில், முடிவு தெரிந்திருப்பதே பார்க்கும்போது நெஞ்சை அழுத்தும். நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு, லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 முதல் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பிவரும் நிகழ்ச்சிகளும், ஷேக்ஸ்பியர் நாடகங்களை 1978 முதல் 1985 வரை பிபிசி வரிசையாகத் தயாரித்த பதிவுகளும் இருக்கின்றன. பின்னவற்றின் தரம் ஒரே சீரானதல்ல; சிலவற்றில் நடிப்பு மேலானது, அரங்க அமைப்பு வறட்சி.

கேள்வி எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. திரைக் காட்சியை நேற்று இரவு மீண்டும் எடுத்து, லேடி டீசில் திரைக்குப் பின்னால் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசித்தேன். எண்ணூறு பவுண்டு என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். முதல் வாசிப்பில் அது வெறும் தொகையாகக் கடந்துபோயிருந்தது. ஷாவையும் வாங்கவிருக்கிறேன்.

ஒரு துணைக்கேள்வி. பேசாமல் நிற்பவர்களைக் கவனிக்கும் இந்த வாசிப்பைப் பழகுவதற்கு ஷேக்ஸ்பியரில் எந்த நாடகம் ஏற்றது? அப்படி ஒருவரைக் கவனித்து என்ன முடிவுக்கு வருவது என்பதற்கு நூலில் சான்று இல்லாவிட்டால், அது வாசகரின் வெறும் ஊகமாகிவிடாதா?

மறுமொழி 1 எழுதியவர்

‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிமாடத்தில் சேரவிருந்த இசபெல்லாவிடம், கடைசிக் காட்சியில் டியூக் தம்மை மணந்துகொள்ளும்படி இரண்டு முறை கேட்கிறார். இரண்டு முறையும் அவளுக்கு நூலில் மறுமொழி கிடையாது. நாடகம் அப்படியே முடிந்துவிடுகிறது. நெடுங்காலமாக மேடைகளில் அவள் கையை நீட்டிச் சம்மதம் தெரிவிப்பதே வழக்கமாக இருந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக ஜான் பார்ட்டன் 1970இல் இயக்கியபோது, விடை சொல்லாமல் இசபெல்லா மேடையில் தனியே நின்றுவிட்டாள். அதன் பின்னர் திகைப்பு, மறுப்பு, சினம் என்று எத்தனையோ விதமாக நடித்திருக்கிறார்கள்.

ஊகமா என்றால், ஆம். ஆனால் கட்டற்ற ஊகமன்று. அதுவரை அவள் பேசியதெல்லாம் உங்கள் முன்னால் இருக்கிறது: தம்பியின் உயிரைக் காக்கத் தன் கற்பை விலையாகக் கேட்ட ஆஞ்ஜெலோவிடம் அவள் எப்படி வாதாடினாள், அதே ஆஞ்ஜெலோவுக்காகக் கடைசியில் எப்படி மண்டியிட்டாள், தம்பி உயிரோடிருப்பதை டியூக் எவ்வளவு நேரம் அவளிடம் மறைத்துவைத்திருந்தார் என்பவை எல்லாம். நீங்கள் அவளுக்குத் தரும் முகபாவம் இவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஒன்றைக் கொடுத்தால், இயக்குநரானாலும் வாசகரானாலும், அந்தக் காட்சி இடறும்.

அந்தக் காட்சியை வாசிக்கும்போது ஓரத்தில் பெயர்களை எழுதிக்கொள்ள மறவாதீர்கள். இறந்துவிட்டான் என்று நம்பப்பட்ட தம்பி கிளாடியோ முகத்திரை விலகி நிற்கிறான். ஒரு சொல் பேசவில்லை, அக்காளும் அவனிடம் பேசவில்லை. மன்னிப்பைவிடச் சாவே மேல் என்று கேட்டிருந்த ஆஞ்ஜெலோ, மன்னிக்கப்பட்ட பிறகு வாய் திறக்கவில்லை. அவனுக்கு மனைவியாகிவிட்ட மரியானாவும் அப்படியே. கடைசிப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் டியூக்கும், நாவை அடக்கத் தெரியாத லூசியோவும் மட்டுமே.