உருவமில்லாத கணக்கைப் படமாக்குவது எப்படி?

கோத்தகிரி_கொழுந்து:
அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் கணக்கைப் பார்த்து வருகிறேன். பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த மாத விலையும், எங்கள் மழைமானியில் அளந்த மழையும் பத்து ஆண்டுகளாக ஒரே நோட்டில் பதிவாகியுள்ளன. சென்ற கூட்டத்தில் ஓராண்டின் மழையைப் பன்னிரண்டு துண்டுகள் கொண்ட வட்ட விளக்கப்படமாக வரைந்து காட்டினேன். ஜூனில் அதிகமா, செப்டம்பரில் அதிகமா என்று ஒருவர் கேட்டபோது படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. எண்களைப் படமாக்குவதன் உண்மையான பயன் என்ன, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குன்னூர்_ஆசிரியை:
தொட்டபெட்டாவை வரைகிறவருக்கு மலையே உருவத்தைக் கொடுத்துவிடுகிறது. விலைக்கு அப்படி ஓர் உருவம் இல்லாததால், காலம் இடமிருந்து வலமாக நகரும், விலை கூடினால் கோடு மேலேறும் என்ற ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை வணிகக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர். 1786இல் அவர் வெளியிட்ட படங்களில் இங்கிலாந்தின் ஏற்றுமதி ஒரு கோடு, இறக்குமதி ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தைப் பார்த்தாலே அந்த வணிகம் லாபமா நட்டமா என்பது தெரிந்தது. எந்தக் கோட்டிலும் தனியாக இல்லாத ஒரு செய்தி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கிறது. படமாக்குவதன் முதன்மையான பயனாக நான் கருதுவது இதையே.

வட்ட விளக்கப்படமும் 1801இல் பிளேஃபேர் வெளியிட்டதுதான். ஆனால் ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களை நம் கண் துல்லியமாக ஒப்பிடும் அளவுக்குக் கோணங்களை ஒப்பிடுவதில்லை என்பதைக் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984இல் சோதனை செய்து காட்டினார்கள். அதே பன்னிரண்டு மாதங்களைப் பட்டைகளாக நிறுத்தியிருந்தால், ஜூனா செப்டம்பரா என்ற கேள்விக்குக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்தவரும் பதில் சொல்லியிருப்பார். பட்டைகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கூடலூர்_மழை:
அம்மா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். சராசரியை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தக் கூடாது. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். உங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு. மாவட்டச் சராசரி என்று ஒரே கோட்டை இழுத்தால் இரண்டுமே மறைந்துவிடும். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு எண் தொகுப்புகளைக் கொடுத்தார். நான்கிலும் சராசரி, பரவல் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியும், மற்றொன்று வளைந்தும் கிடக்கும். இன்னும் இரண்டில் விலகி நிற்கும் ஒரே புள்ளி கணக்கையே இழுத்துச் செல்லும்.

அத்தகைய புள்ளி நம் மாவட்டத்திலும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த நாளைச் சேர்த்து வரைந்தால் மற்ற நாட்கள் எல்லாம் அடிக்கோட்டோடு ஒட்டிப்போகும். ஆனாலும் அதை நீக்கிவிடாமல், முழு அளவில் ஒரு படமும் சாதாரண நாட்களுக்குத் தனியாக ஒரு படமும் வரைவதே நேர்மை.

கோத்தகிரி_கொழுந்து:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு கிராஃப் தாளில் பென்சிலால் பட்டைகளை வரைந்து பார்த்தேன். மழை உயர்ந்து ஓரிரு மாதங்கள் கழித்து விலை இறங்குவது போலத் தெரிகிறது. மழையையும் விலையையும் ஒரே படத்தில், இடப்பக்கம் ஓர் அளவுகோல், வலப்பக்கம் ஓர் அளவுகோல் என்று வைக்கலாமா? நோட்டில் மூன்று மாதங்களுக்கு மழையளவு எழுதப்படவில்லை. அங்கே என்ன செய்வது?

குன்னூர்_ஆசிரியை:
இரண்டு அளவுகோல் வேண்டாம். அளவுகோலைச் சற்று மாற்றினாலே கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் மாறிவிடும். பார்ப்பவர்களோ அந்த இடத்தில்தான் ஏதோ நடந்ததாக நினைப்பார்கள். மழையை மேலேயும் விலையைக் கீழேயும், மாதங்கள் நேருக்கு நேர் வரும்படி அடுக்கி வரையுங்கள். விலை இறங்கியதற்கு மழைதான் காரணம் என்று படத்தில் எழுதிவிடாதீர்கள். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எழுதப்படாத மூன்று மாதங்களுக்கு அந்த இடங்களை வெறுமையாக விட்டு, கீழே ‘அளவு எடுக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். பூஜ்ஜியம் போட்டால் அது மழையே பெய்யாத மாதமாகிவிடும்.