வீட்டு மீன்தொட்டியில் கடல் முள்ளெலி: வன்னித் தண்ணியும் வெக்கையும்

முள்ளியவளையிலிருந்து:
கடல் முள்ளெலி (sea urchin, உருண்டை ஓட்டில முள்ளுள்ள கடல் உயிர்) சாகிறது அனேகமாய் நோயால இல்லை, உப்பு சட்டெண்டு மாறுறதாலதான். மீன் தன்ர உடம்பு உப்பைச் சமன்செய்யும். முள்ளெலிக்கு அது ஏலாது. வெளித்தண்ணி எப்படியோ உள்ளுக்கும் அப்படி. முள்ளெலி வந்த பையை 20 நிமிசம் தொட்டியில மிதக்க விட்டு, வாளிக்கு மாத்தி, மெல்லிய குழாயால விநாடிக்கு 2–3 துளியாய் இரண்டு மணித்தியாலம் தொட்டித் தண்ணியை விடுங்கோ. பைத்தண்ணி தொட்டிக்குள்ள போகக்கூடாது. தூக்கேக்க தண்ணிக்குள்ளேயே கோப்பையால அள்ளுங்கோ. கல்லில ஒட்டியிருந்தால் இழுக்காதேங்கோ, ஒட்டிப் பிடிக்கிற மெல்லிய குழாய்க்கால் அறுந்துபோகும்.

வவுனியாவிலிருந்து:
கேத்திலில வெள்ளையாய்ப் படியிற கிணத்துத் தண்ணி இதுக்குச் சரிவராது. ஆர்ஓ தண்ணி (சவ்வில வடிச்சு உப்பு நீக்கின தண்ணி) வாங்கினாலும் டிடிஎஸ் மீற்றர் (கரைஞ்சிருக்கிற தாதுக்களை அளக்கிறது) வைச்சுப் பாருங்கோ. குடிக்கிறதுக்கெண்டு சில இடங்களில தாதுப்பொருள் திரும்பக் கலப்பினம். மீற்றரில 5 பிபிஎம்முக்குக் கீழ வேணும். றீஃப் உப்பு (கடல் மீன்தொட்டிக்கெண்டு விக்கிற உப்புக்கலவை) லீற்றருக்கு 36–38 கிராம், பம்ப் போட்டு ஒருநாள் கலக்கோணும். இலக்கு, வெறும் தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி 1.025. உப்பளக்கிற ரிஃப்ராக்டோமீற்றரை வெறும் தண்ணியில மட்டும் சரிபார்த்தால் காணாது, 35 பிபிடி (ஆயிரத்தில 35 பங்கு உப்பு) கரைசலிலயும் பாருங்கோ.

பரந்தனிலிருந்து:
அண்ணை, ஆனையிறவு உப்பு பக்கத்திலதானே, அதைக் கரைச்சால் என்ன?

வவுனியாவிலிருந்து:
வேண்டாம் தம்பி. உப்பளத்தில கல்சியத்தில பெரும்பங்கு ஜிப்சமாய் முதலே படிஞ்சிடும். மக்னீசியம் கடைசியில மிஞ்சிற கசப்புநீரோட போயிடும். கையில வாறது கிட்டத்தட்ட சோடியம் குளோரைட் மட்டும். முள்ளெலி ஓடும் முள்ளும் கட்ட, லீற்றருக்கு கல்சியம் 400–450 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராம் அளவில, காரத்தன்மை 8–9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கிற அலகு) வேணும்.

சிலாவத்தையிலிருந்து:
கடல்தண்ணி அள்ளுற ஆக்கள் மாரியில கவனம். நாயாறு, நந்திக்கடல் முகத்துவாரம் திறந்து வெள்ளம் பாயேக்க கரைத்தண்ணி நல்லாய் நீர்த்துப்போகும், சேறும் வரும். மழை விட்டு, கடல் தெளிஞ்ச பிறகு அள்ளி, துணியில வடிச்சு, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கோ. கல்லு வேணுமெண்டு முருகைக்கல் உடைக்கப்போகாதேங்கோ, அது சட்டப்படி குற்றம்.

மாங்குளத்திலிருந்து:
சோளகக் காலத்தில தொட்டியை 24–27 பாகைக்குள்ள வைச்சிருக்கிறதுதான் பெரும்பாடு. விசிறி போட்டால் குளிரும், ஆனால் தண்ணி வத்தும். நூறு லீற்றர் தொட்டியில 7 லீற்றர் வத்தினால் 35 பிபிடி இருந்த உப்பு 37.6 ஆகும். வத்தினதுக்கு உப்புத்தண்ணி ஊத்துறதுதான் வழக்கமான பிழை. ஆர்ஓ தண்ணிதான், அதுவும் நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாய். கரண்ட் போனால் சூடான தண்ணியில ஒட்சிசன் கெதியாய்க் குறையும். பற்றரியில ஓடுற காத்துப் பம்ப் ஒண்டு கட்டாயம்.

முள்ளியவளையிலிருந்து:
தொட்டியில பாசி முடிஞ்சால் முள்ளெலி பட்டினி. அதால புதுத்தொட்டியில விடாதேங்கோ, ஆறு மாதமாவது ஓடினதாய் இருக்கோணும். உப்பு, சுவை சேர்க்காத காய்ஞ்ச கடற்பாசித் தாளில 5 சென்ரிமீற்றர் சதுரத் துண்டைக் கல்லுக்குக் கீழ செருகி, கிழமைக்கு 2–3 தரம் குடுங்கோ. மிச்சத்தை விடியவே எடுங்கோ. நீள்முள் கறுப்பனுக்கு (நீளமான கறுத்த முள்ளுள்ள முள்ளெலி இனம்) 200 லீற்றருக்குக் குறைஞ்ச தொட்டி எண்டால் முள்ளு எல்லாத்திலயும் இடிச்சு, ஒட்டாத பவளத் துண்டுகளை விழுத்தும். சின்னத் தொட்டிக்குக் குட்டைமுள்ளுள்ள ட்ரிப்நியூஸ்டஸ் இனம் பரவாயில்லை. ஆனால் சிப்பி, பவளத்துண்டு எதைக் கண்டாலும் தலையில தூக்கிக்கொண்டு திரியும், பார்க்க வேடிக்கைதான். துண்டுகளை எப்பொக்சிப் பசையால ஒட்டிவிடுங்கோ.

மன்னாரிலிருந்து:
மீன் நோய்க்குப் போடுற செம்பு மருந்து முள்ளெலிக்கு ஒரு துளியும் ஆகாது. முன்னம் செம்பு போட்ட தொட்டியின்ர கல்லு, மணலையும் நம்பக்கூடாது, கல்லு உறிஞ்சி வைச்சுப் பிறகு கசிய விடும். ஒண்டிரண்டு முள்ளு விழுந்தால் பயப்பிடத் தேவையில்லை, திரும்ப வளரும். முள்ளெல்லாம் சரிஞ்சு, மொட்டையாய்த் திட்டுத்திட்டாய்த் தெரிஞ்சு, கண்ணாடியில பிடி விட்டால் உடன உப்பையும் அமோனியாவையும் பாருங்கோ. செத்ததைக் கொஞ்ச நேரம்கூட வைக்காதேங்கோ, அழுகினால் மற்றதுகளையும் கொண்டுபோகும்.

சிலாவத்தையிலிருந்து:
தண்ணி திடீரெண்டு பால் மாதிரிக் கலங்கி, முள்ளு நிமிர்ந்தே நிண்டால் அது சாவில்லை, விந்து விடுறது. பெட்டை எண்டால் மஞ்சள் முட்டை. கால்வாசித் தண்ணியை மாத்தி, தொட்டி வடிகட்டிக்கான கரி போடுங்கோ; ஸ்கிம்மர் (நுரையோட அழுக்கை எடுக்கிற கருவி) பொங்கி வழியும், அதின்ர கோப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கோ.