பள்ளிக்கூட வாசல் நடைபாதை: வாய்க்காலை மூடலாமா, கூடாதா?

நிலா அம்மா:
அக்டோபர் 2 கிராம சபையில் நம் பள்ளிக்கூட நடைபாதைத் தீர்மானம் வருகிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி கேட் வரை, சுவருக்கு முன்னால் ஓடும் வடிகால் வாய்க்காலைச் சிலாப் போட்டு மூடி, மேலே ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பேவர் பிளாக் பதிப்பது என்று திட்டம். ஊரில் சிலருக்கு இதில் விருப்பமில்லை என்று தெரியும். கூட்டத்தில் சத்தம் போட்டுக்கொள்வதைவிட இங்கேயே பேசிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் டேப் வைத்து அளந்தேன். 310 மீட்டர். என் மகள் ஏழாம் வகுப்பு, சக்கர நாற்காலியில்தான் போகிறாள். நாற்காலியின் முன்பக்கம் இருக்கும் சின்னச் சக்கரம் ஜல்லியில் சிக்கினால் வண்டி சட்டென்று நின்றுவிடும், அவள் முன்னால் சரிவாள். அதனால் மண் ஓரம் வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவேன். எனக்கு முதுகுக்குப் பின்னால் வரும் லாரியை அவள்தான் பார்க்கிறாள். "அம்மா, லாரி" என்பாள். நான் நின்று, நாற்காலியை வாய்க்கால் பக்கம் ஒதுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். லாரி போன பிறகு மறுபடி இழுப்பேன். தினமும் இரண்டு வேளை இப்படித்தான். மழை பெய்தால் மண் ஓரத்தில் இழுக்கவும் முடியாது, தார் மேலேயே ஏற வேண்டும்.

கடைமடை விவசாயி:
தங்கச்சி, பிள்ளை படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலை மூடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வாய்க்கால் ரோட்டுத் தண்ணிக்கு மட்டும் இல்லை. மேலத்தெரு வயல் அத்தனைக்கும் அதுதான் வடிகால். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் அடித்தால் சம்பா நாற்று முழுக முழுக நிற்கும். தண்ணி மூன்றாம் நாள் வடியவில்லை என்றால் பயிர் அழுகத் தொடங்கிவிடும். இப்போதே கடைக்காரர்கள் போட்ட சிலாப்புக்கு அடியில் பிளாஸ்டிக்கும் சேறும் அடைத்துக் கிடக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் ஊர் வாய்க்காலை எல்லாம் தூர் வாருகிறார்கள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பொக்லைன் கை உள்ளே போகாது. 310 மீட்டரும் மூடிவிட்டால் அடியில் அடைத்ததை எப்படி எடுப்பீர்கள்?

கடைத்தெரு:
என் கடை உட்பட மூன்று கடை போகும் என்கிறார்கள். அதையும் கொஞ்சம் எழுதுங்கள். 22 வருடமாக அங்கே டீ போடுகிறேன். மழை வந்தால் பிள்ளைகள் எங்கே ஒதுங்குகிறார்கள்? என் கூரைக்கு அடியில்தான். பஸ் ஸ்டாப் நிழற்குடை ஒழுகுகிறது, எல்லாருக்கும் தெரியும். போன ஜனவரியில் எட்டாம் வகுப்புப் பையனை பைக் இடித்தபோது முதலில் ஓடித் தூக்கியது நானும் பக்கத்துக் கடை அக்காவும்தான். ரோட்டு மேல் கண் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பதே பிள்ளைகளுக்கு ஒரு காவல். எங்களை எடுத்துவிட்டுத்தான் பாதை போட வேண்டுமா?

ரோடு ஓவர்சியர், ஓய்வு:
முப்பது வருடம் ரோட்டு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அகலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே ஆளை அடிப்பது வேகம்.

50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடும். பிள்ளை குறுக்கே வந்ததை டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். 30-இல் வந்தால் அதே நொடிக்கு 8 மீட்டர் சொச்சம்தான். இடிக்கும் ஆற்றலும் 30-ஐவிட 50-இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனமும், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30-க்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

நடைபாதை 310 மீட்டருக்கு இருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ரோட்டைக் குறுக்கே கடந்துதானே வர வேண்டும்? அவர்களுக்கு உங்கள் பேவர் பிளாக் என்ன செய்யும்? என் கருத்து, இருக்கிற பணத்தில் முதலில் கேட் முன்னால் ரோட்டையே உயர்த்தி, தட்டையான மேடை மாதிரி ஒரு குறுக்குப்பாதை போட வேண்டும். நடைபாதை அடுத்த வருடம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்:
ஐயா, இன்னொரு ஸ்பீடு பிரேக்கரா? இந்த ரோட்டில் ஏற்கெனவே ஊருக்கு ஊர் ஆளுக்கொன்று போட்டு வைத்திருக்கிறார்கள். முதுகெலும்பு அடிபட்டவரைப் பின்னால் படுக்கவைத்து, நேற்று இரவு முளைத்த மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள், அவர் போடும் சத்தம் காதை விட்டுப் போகாது. வெள்ளைக் கோடும் இல்லை, போர்டும் இல்லை. இரவில் பைக்காரர்கள் விழுவதும் அதில்தான். நான் மேட்டுக்கு எதிர். நடைபாதைக்கு ஆதரவு.

ரோடு ஓவர்சியர், ஓய்வு:
தம்பி, நீங்கள் சொல்வது ஊர்க்காரர்கள் ராவோடு ராவாகத் தாரைக் கொட்டிப் போடும் மேடு. அதை நானும் எதிர்க்கிறேன். ரோட்டு வேலைக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் முறைப்படி வட்டமான மேடு என்றால் 3.7 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர்தான் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் உடம்பு குலுங்காது. முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, கோடு, இரவில் மின்னும் ஸ்டட் எல்லாம் இருக்க வேண்டும். நான் கேட்கும் மேடை இன்னும் சாதுவானது, மேலே தட்டையாக இருக்கும். அந்தச் சக்கர நாற்காலியும் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் ரோட்டைக் கடக்கலாம்.

கிழக்குத்தெரு:
எதற்கு இவ்வளவு செலவு? பள்ளிக்குப் பின்பக்கம் கிழக்குத் தெருவில் ஒரு பழைய கேட் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு மெயின் ரோட்டில் வேலையே இல்லை. ஒரு பூட்டும் ஒரு வாட்ச்மேனும் போதும்.

நிலா அம்மா:
பின் கேட் நல்ல யோசனை, திறக்கட்டும். கிழக்குத் தெருப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே உதவும். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு? நாலு ஊர்ப் பிள்ளைகள் காலை 8.40 டவுன் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில்தான் இறங்குகிறார்கள். எங்களைப் போல் நடந்து வருகிறவர்களுக்கும் கிழக்குத் தெரு சுற்று வழி. அந்தக் கேட்டுக்கு மூன்று படி வேறு இருக்கிறது. மூன்று படி என்பது உங்களுக்கு மூன்று எட்டு. எனக்கு இரண்டு ஆளைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொல்ல வேண்டிய வேலை. பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தினமும் யாரோ தூக்கி இறக்குவது அவளுக்கு எப்படி இருக்கும் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஓவர்சியர் ஐயா, நீங்கள் சொன்ன மேடை எனக்கும் வேண்டும். அதற்காகப் பாதையை அடுத்த வருடம் என்று தள்ளாதீர்கள். அடுத்த வருடம் என்று சொல்லித்தான் அவள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

இது நான் கேட்கும் சலுகையும் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது, அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்ற வேண்டும் என்று சொன்னது. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து வழக்குக்குப் போனவர் நம் பக்கத்துக்காரர்தான்.

கடைத்தெரு:
ஆக்கிரமிப்பு என்ற சொல் என்னைத்தானே குறிக்கிறது? பரவாயில்லை, நேராகவே பேசுவோம். என் கடைக்குப் பின்னால், சுவருக்கும் கடைக்கும் நடுவில் நாலடி இடம் சும்மா கிடக்கிறது. குப்பையை வாரிவிட்டுப் பாதையை அந்த வழியாகக் கொண்டுபோங்கள். கடையும் இருக்கும், பாதையும் இருக்கும்.

ரோடு ஓவர்சியர், ஓய்வு:
நாலடி என்றால் 1.2 மீட்டர். விதிமுறைப்படி தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் வேண்டும். இப்போது திட்டமிட்டிருக்கும் ஒன்றரையே குறைச்சல்தான், இடமில்லாததால் ஒப்புக்கொள்ளலாம். 1.2-இல் நாற்காலி போகும், எதிரே ஒரு பிள்ளை வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நிலா அம்மா:
அகலம் மட்டும் பிரச்சினை இல்லை, அண்ணே. கடைக்குப் பின்னால் என்றால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தகரம். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்கு வரும் பெண்பிள்ளைகளை அந்தச் சந்தில் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. ரோட்டு மேல் நாலு கண் இருப்பது காவல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் பாதை இருக்க வேண்டும். நீங்கள் பின்னால் போங்கள், பாதை முன்னால் வரட்டும். அந்த நாலடியில் மூன்று கடைக்கும் இடம் ஒதுக்கித் தரும்படி தீர்மானத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லி, முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

கடைத்தெரு:
நாலடியில் அடுப்பு வைப்பேனா, ஆளை உட்காரவைப்பேனா? சொல்வது சுலபம். யோசிக்கிறேன். இப்போதைக்கு நான் எதிர்ப்புதான்.

கிழக்குத்தெரு:
இன்னொன்றை யாரும் பேசவில்லை. பேவர் பிளாக் பதித்த மறுநாளே அது நெல் காயப்போடும் களமாகிவிடும். தை, மாசியில் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொள்வது தெரிந்ததுதானே. பக்கத்து ஊரில் நடைபாதை போட்டார்கள், இன்று அதில் பைக்கும் நெல்லும்தான் இருக்கிறது. கடைசியில் பிள்ளைகள் மறுபடி தார் மேலே.

கடைமடை விவசாயி:
உண்மையைச் சொல்கிறேன், நானும் ரோட்டில் காயவைக்கிறவன்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மெஷினில் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். ஊரில் இருந்த ஒரே களத்தில் தண்ணித் தொட்டி கட்டிவிட்டார்கள். வேறு எங்கே கொட்டுவது? நடைபாதை கேட்கும் அதே கூட்டத்தில் களமும் கேளுங்கள். களம் கிடைத்தால் பாதையில் ஒரு மணி நெல் கொட்ட விடமாட்டேன், நானே நின்று பார்க்கிறேன்.

நிலா அம்மா:
களத்துக்கு நானும் கை தூக்குகிறேன், அண்ணே. ஆனால் களம் வரும் வரைக்கும் பாதையில் நெல் கிடக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் நெல் மேல் காலை வைத்துத் தாண்டிவிடுவீர்கள். நாற்காலிச் சக்கரம் நெல்லில் அப்படியே வழுக்கும்.

கடைமடை விவசாயி:
சரி, அது நியாயம். வாய்க்காலுக்கு என்ன பதில்?

ரோடு ஓவர்சியர், ஓய்வு:
பதில் இருக்கிறது. ஒரே கான்கிரீட்டாக ஊற்றி மூடக் கூடாது. சிலாப்பைத் துண்டு துண்டாக வார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி பதித்து வைக்க வேண்டும். தூர் வாரும்போது தூக்கி ஓரம் வைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். அதற்கு மேல் பேவர் பிளாக் வேண்டாம். பிளாக் பதித்தால் யாரும் சிலாப்பைத் தூக்க மாட்டார்கள், சிலாப்பின் மேல்பக்கத்தையே வழுக்காத சொரசொரப்பாக வார்த்தால் போதும். ரோட்டுத் தண்ணி இறங்க நடுநடுவே கம்பிச் சல்லடை வையுங்கள். அந்தக் கம்பி நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், நேராக வைத்தால் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். வயலுக்கு வண்டி இறங்கும் இரண்டு இடத்திலும் அறுவடை மெஷின் ஏறும், அங்கே மட்டும் கனமான கான்கிரீட், ஆனால் அதே மட்டத்தில்.

சரிவு என்று எங்கே வந்தாலும் ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நம் ஊர் மேஸ்திரிகள் அரை மீட்டரில் ஒரு சறுக்கு வைத்துவிட்டு ராம்ப் என்பார்கள், பக்கத்தில் நின்று அளக்கவில்லை என்றால் அப்படித்தான் நடக்கும்.

இன்னொரு விஷயம். அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊராட்சி தீர்மானம் போட்டால் மட்டும் ஒரு கல் வைக்க முடியாது, கோட்டப் பொறியாளர் அனுமதி வேண்டும். ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மேடை அங்கேதான் முடிவாகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அந்தத் தீர்மானத்தையும் சேர்த்து வையுங்கள். நான் அடுத்த வருடம் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே மனுவில் கேளுங்கள். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று சொன்னால் மேடைதான் முதலில் என்பதில் நான் மாறவில்லை.

நிலா அம்மா:
நன்றி, ஐயா. அந்தக் கடைசி வரியில் நமக்குள் ஒத்துப்போகவில்லை, கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

இன்று மறுபடி போய் அளந்தேன். 140-ஆவது மீட்டரில் வாய்க்கால் ஓரமாக ஒரு மின்கம்பம். பின்னால் சுவர் முட்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 55 சென்டிமீட்டர். மகளின் நாற்காலி 63. கம்பத்துக்கு இந்தப் பக்கம் 140 மீட்டரும் அந்தப் பக்கம் 170 மீட்டரும் எவ்வளவு அழகாகப் போட்டாலும், அந்த இடத்தில் நான் அவளைத் தார் ரோட்டில் இறக்கித்தான் ஏற்ற வேண்டும். திட்டத்தில் கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கம்பத்தை நகர்த்தும் செலவும் மதிப்பீட்டில் சேர வேண்டும், இல்லையென்றால் நானே இந்தத் தீர்மானத்தை எதிர்ப்பேன்.

கடைமடை விவசாயி:
கம்பம் சரி. கொக்கி வைத்த சிலாப் என்பதும் தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். 'மூடி' என்று மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன், டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். கடைக்காரரையும் வரச் சொல்லுங்கள், அந்த நாலடி நிஜமாகவே நாலடிதானா என்று பார்த்துவிடலாம்.