மறு: வர்க்கமூல நீள் வகுத்தலில் இடப்பக்கம் வரும் எண்ணுக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

> 'ட்ரையல் டிவைசர்' என்பதற்குச் 'சோதனை வகுத்தி' என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வர்க்கமூலம் காணும்போது இடப்பக்கம் எழுதும் வகுத்திக்கு, அதாவது வகுக்கும் எண்ணுக்கு, இந்தப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 54,99,025-இன் வர்க்கமூலம் வேண்டும். வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 5, 49, 90, 25. 5-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 4. அதனால் ஈவில் 2, மீதி 1. 49-ஐ இறக்கினால் 149. இப்போது ஈவின் இருமடங்கான 4-ஐ இடப்பக்கம் எழுதி, பக்கத்தில் ஓர் இலக்கத்துக்கு இடம் விடுகிறோம். அங்கே 3 வரும்: 43 × 3 = 129, மீதி 20. அடுத்து 2090. இடப்பக்கம் 46, அதோடு 4 சேர்ந்து 464 × 4 = 1856, மீதி 234. கடைசியில் 23425, 4685 × 5 என்று மீதியில்லாமல் தீர்ந்துவிடுகிறது. விடை 2345.

இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 2, 43, 464, 4685. சாதாரண வகுத்தலில் வகுத்தி கடைசி வரை மாறாது. இங்கே படிக்குப் படி ஓர் இலக்கம் கூடுகிறது. வகுத்தல் என்று சொல்லிவிட்டு வகுத்தியை மாற்றிக்கொண்டே போனால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? அதனால் 'வளர் வகுத்தி' என்பது என் பரிந்துரை. வினைத்தொகை என்பதால் வளர்ந்ததும் வளர்வதும் இனி வளரப்போவதும் அதில் அடங்கும். 'சோதனை' இங்கே பொருந்தாது. நாம் சோதித்துப் பார்ப்பது புது இலக்கத்தைத்தான்.

> 'இரட்டை வகுத்தி' என்றால் இருமடங்காக்குவது நினைவில் நிற்குமே?

நிற்கும், மறுக்கவில்லை. இதுவரை வந்த ஈவு அ, புது இலக்கம் ஆ என்று வைத்து (10அ + ஆ)² என்பதை விரித்தால் 100அ² + (20அ + ஆ)ஆ. அந்த 20அ-தான் இரட்டிப்பு. ஆனால் கனமூலத்துக்குப் போனால் அதே இடத்தில் 300அ² + 30அஆ + ஆ² வந்து நிற்கும். அங்கே இரட்டை எங்கே? 'வளர் வகுத்தி' இரண்டுக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவைக்கு வர்க்கமூலம் காணும்போதும் இடப்பக்கம் உறுப்பு உறுப்பாக நீள்கிறதே.

அப்புறம், இலக்கம் சேர்வதற்கு முந்தைய பகுதிக்கும் தனிப்பெயர் வேண்டும். 784-ஐ எடுங்கள். ஈவில் 2, மீதி 3, இறக்கியபின் 384. இடப்பக்கம் 4. 38-இல் 4 ஒன்பது தடவை போகும் என்று 9 போட்டால் 49 × 9 = 441, மிஞ்சிவிடுகிறது. 8 போட்டால்தான் 48 × 8 = 384. ஊகிப்பது 4-ஐ வைத்து, பெருக்குவது 48-ஐ வைத்து. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்தத் தடுமாற்றத்தை விளக்கவே முடியாது.

ஆரியபட்டர் கி.பி. 499-இல் சொன்ன முறையில் இவை தனித்தனியாகவே இருக்கின்றன. அவர் வர்க்கமூலத்தின் இருமடங்கால் மட்டும் வகுக்கிறார். புது இலக்கத்தின் வர்க்கத்தை அடுத்த இடத்தில் கழிக்கிறார். நம் பாடநூல் முறை இரண்டையும் ஒரே பெருக்கலாகச் சேர்த்துவிட்டது.

அந்த முதல் பகுதிக்கு 'முன் வகுத்தி' எனக்குத் தோன்றியது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம். 'வளர் வகுத்தி'யை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.