கோப்பாய்த் துயிலுமில்லம்: போய்வந்தவர்கள் எழுதுங்கள்

நீர்வேலியிலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் இறந்தவரை எரிப்பதுதான் வழக்கம். சாம்பலைக் கீரிமலையில் கரைத்துவிட்டால் பிறகு போய் நிற்க ஓர் இடம் இராது. பெரியம்மாவின் மகன் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவன். 1993இல் சண்டையில் இறந்தபோது கோப்பாயில், இயக்கம் தன் போராளிகளைப் புதைத்த துயிலுமில்லத்தில் தாட்டார்கள். இயக்கம் எரிப்பதை விட்டுவிட்டுப் புதைக்கத் தொடங்கி அப்போது சில வருடங்கள்கூட ஆகவில்லை. "பிள்ளையை மண்ணுக்குள் விடுவதா?" என்று அம்மம்மா அழுதார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு செம்புத் தண்ணீரும் நந்தியாவட்டைப் பூவும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

சைக்கிளில் நான்தான் ஏற்றிப்போவேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்மண்ணில் நடப்போம். இடப்பக்கம் ஏழாவது வரிசை, பதினோராவது கல்லறை. குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோலச் சேலைத் தலைப்பால் கல்லைத் துடைப்பார். இயக்கப் பெயர் பெரிதாகவும் வீட்டில் வைத்த பெயர் சிறிதாகவும் எழுதியிருக்கும். அவருடைய விரல் எப்போதும் சிறிய எழுத்திலேயே போய் நிற்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் எங்கள் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கல்லறைகள் இடித்து நொறுக்கப்பட்டிருந்தன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். உடைந்த பழைய துண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பெரியம்மா புதிய கல்லுக்குப் போகவில்லை. அந்தக் கண்ணாடியின் முன் நின்று, சிறிய எழுத்து எங்கேயாவது தெரிகிறதா என்று வெகுநேரம் தேடினார். அந்த வருடம் மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி ஒலித்ததும் அழுகை வரிசை வரிசையாக எழுந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று தந்த தென்னங்கன்று எங்கள் கிணற்றடியில் காய்க்கிறது.

போர் முடிந்த மறுவருடம், 2010இல், புல்டோசர் வந்தது. 2011இல் அதே நிலத்தில் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. அவன் எந்தப் பக்கம் நின்று செத்திருந்தால் என்ன? ஒரு தாய் துடைத்த கல்லை உடைப்பதற்கு எந்த நியாயமும் என் மனத்தில் ஏறவில்லை.

இப்போது சுடர் ஏற்றுவது எதிரே உள்ள ஒரு காணியில். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் வேலியைப் பார்த்து நின்று, "வாசல் அங்கே இருந்தது, அப்படியென்றால் ஏழாவது வரிசை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே" என்று ஒவ்வொரு வருடமும் எனக்குச் சொல்வார்.

வேலணையிலிருந்து ஒருவர்:

என் அண்ணன் கடலில் போனவர். உடல் வரவில்லை. சாட்டித் துயிலுமில்லத்தில் வைத்தது பெயர் மட்டும் பொறித்த நடுகல். கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அம்மா அந்தக் கல்லோடுதான் பேசுவார். கல் போன பிறகு கடற்கரையில் நின்று பேசினார். உங்கள் பெரியம்மா கூரையைக் கணக்குப் பார்ப்பதை வாசித்ததும் அம்மாவைத்தான் நினைத்தேன்.

வடமராட்சியிலிருந்து ஒருவர்:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் தம்பி தானாகப் போனவன் அல்ல. 2008இல் வன்னியில் இயக்கத்தினர் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவனுக்கு எந்த ஊரிலும் கல் இல்லை. மாவீரர் நாளில் எள்ளங்குளத் துயிலுமில்லப் பக்கம் போய்ச் சுடர் ஏற்றுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் பெருமையாகப் பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அவர்களோடு சேர்ந்து அழ முடிகிறது, அந்தப் பேச்சில் சேர முடியவில்லை. உயிரோடு இருக்கிறானோ என்ற நினைப்பில் சுடரைப் பாதியில் அணைத்துவிட்டு வந்த வருடமும் உண்டு.

நீர்வேலியிலிருந்து முன்பு எழுதியவர்:

வடமராட்சி அக்கா, உங்கள் எழுத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை கோப்பாய்க்கு வரச் சொன்னார். நான்கு மணிக்கே வந்துவிடுங்கள், பிறகு பஸ்ஸில் ஏற முடியாது. எண்ணெயும் திரியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.